சென்னையில் ஒரு வழக்கைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஒருவர்மீது போலீஸ் கேஸ் இருக்கிறதா, இருந்தால் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய நெருக்கடி பலருக்கும் வருகிறது. புகார் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பதில் இல்லாமல் காத்திருப்பவர், தன் பெயரையும் யாரோ எஃப்.ஐ.ஆரில் சேர்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டவர், மனை வாங்குவதற்கு முன் விற்பவர்மீது மோசடி வழக்கு ஏதும் உண்டா என்று பார்க்க நினைப்பவர், மகனைப் போலீஸ் அழைத்துப் போய்விட்டது என்று அலைகிற தாய் என்று இவர்களின் காரணங்கள் வெவ்வேறு. கேள்வி ஒன்றுதான்: எங்கே போய்ப் பார்ப்பது?

பெயரைத் தட்டினால் கைது, வழக்கு, தண்டனை எல்லாம் வரிசையாக வந்து விழும் பொதுப் பதிவேடு சென்னையில் இல்லை. இந்தியாவில் எந்த ஊரிலும் இல்லை. அமெரிக்காவின் பல ஊர்களில் கைதானவரின் பெயரும் படமும் அரசு இணையதளத்திலேயே வந்துவிடும். அப்படி ஒன்று இங்கே இல்லாதது நல்லது என்றே நினைக்கிறேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே இருப்பது வேறு ஏற்பாடு. ஒரு வழக்கு இடம் மாறும்போதெல்லாம் அதற்குப் புதிதாக ஓர் எண் கிடைக்கும். காவல் நிலையத்தில் குற்ற எண். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனால் சி.சி. எண். செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனால் எஸ்.சி. எண். உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனுவோ, வழக்கை ரத்து செய்யும் மனுவோ போட்டால் அதற்கு கிரிமினல் ஓ.பி. எண். இந்த எண்களில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் மற்றவற்றை வரிசையாகப் பிடித்துவிடலாம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினால் பெரும்பாலும் தவறான ஆளிடம்தான் போய் நிற்போம்.

முதல் எண் கிடைக்கும் இடம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். புகார் கொடுத்ததும் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைப் பலர் எஃப்.ஐ.ஆர். என்றே நினைத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் மனு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அந்த ரசீது அத்தாட்சி. வழக்குப் பதிவானால்தான் குற்ற எண் பிறக்கும். ரசீதின் எண்ணை வைத்து எந்தக் கோர்ட்டிலும் எதையும் தேட முடியாது.

குற்ற எண் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒவ்வொரு ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே "குற்ற எண் 112" என்று மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தம் இல்லை. எந்த நிலையம், எந்த ஆண்டு என்பதும் சேர வேண்டும். சென்னை நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் உண்டு: இ-1 மயிலாப்பூர், எஃப்-2 எழும்பூர், ஜே-2 அடையாறு, ஆர்-1 மாம்பலம், கே-4 அண்ணா நகர். பகுதியின் பெயரை மட்டும் எழுதாமல் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பகுதியில் சட்டம் ஒழுங்கு நிலையம், போக்குவரத்துக் காவல், அனைத்து மகளிர் காவல் நிலையம் என்று பல இருக்கும். பெரிய பண மோசடி என்றால் வழக்கு உள்ளூர் நிலையத்திலேயே இருக்காது. மத்திய குற்றப்பிரிவில் இருக்கும். இன்னொன்று, 2022 ஜனவரி முதல் ஆவடியும் தாம்பரமும் தனித்தனி மாநகரக் காவல் ஆணையரகங்கள். சென்னை என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஊர் இன்று மூன்று ஆணையர்களின் கீழ் இருக்கிறது.

நிலையம், ஆண்டு, எண் ஆகிய மூன்றும் தெரிந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இ-சேவைகள் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம். இது காவல்துறை பார்த்துச் செய்யும் சலுகை இல்லை. 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு: வழக்குப் பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற வேண்டும். இணைப்புச் சிக்கல் இருக்கும் இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரம். தன்மீது வழக்கு இருப்பதாகச் சந்தேகப்படுபவர், தானோ தன் சார்பில் ஒருவரோ கட்டணம் கட்டிக் கேட்டால் 24 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. புகார்தாரருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் நகல் இலவசம்.

பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏறாது. ஏற்ற வேண்டாம் என்ற முடிவை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் எடுக்க வேண்டும். அந்த முடிவால் பாதிக்கப்படுவதாக நினைப்பவர் மாநகரத்தில் ஆணையரிடம் முறையிடலாம். அதற்கென அமைக்கப்படும் மூவர் குழு மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் தடை ஏன் அவசியம் என்பதை 2024 டிசம்பரில் சென்னை கண்ணால் பார்த்தது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமை வழக்கில், பூட்டியிருக்க வேண்டிய எஃப்.ஐ.ஆர். போலீஸ் இணையதளத்தில் திறந்து கிடந்தது. சிலர் அதை இறக்கினார்கள், இறக்கியதைப் பரப்பினார்கள். அந்தப் பெண்ணின் அடையாளம் முழுக்க அதில் இருந்தது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறியபோது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று காவல்துறை விளக்கம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்டு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்ததோடு, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இணையத்தில் தானாகக் கிடைத்தது என்பது அதைப் பரப்புவதற்கு உரிமை தராது.

எஃப்.ஐ.ஆர். கையில் வந்ததும் எல்லோரும் நேரே கதைப் பகுதிக்குப் போவார்கள். வக்கீல்கள் முதலில் பார்ப்பது தேதிகளை. சம்பவம் நடந்த நாளும் நேரமும் ஒரு கலத்தில் இருக்கும். நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம் அதன் பக்கத்தில் இருக்கும். தாமதம் ஆகியிருந்தால் காரணம் எழுத ஒரு கலம் உண்டு, பல எஃப்.ஐ.ஆர்.களில் அது வெறுமையாகவே கிடக்கும். சம்பவ இடம் நிலையத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்றும் எழுதியிருக்கும். படிவத்தின் முடிவில், நீதிமன்றத்துக்கு அனுப்பிய தேதியும் நேரமும். பக்கத்துத் தெருவில் காலையில் நடந்த சண்டைக்கு மூன்று நாள் கழித்து வழக்கு, அதற்கும் இரண்டு நாள் கழித்து கோர்ட்டுக்கு அனுப்பியது என்றால், வழக்கு விசாரணையில் அந்த ஐந்து நாளைப் பற்றித்தான் பாதி குறுக்கு விசாரணை நடக்கும்.

பிரிவு எண்களிலும் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. ஊரே பழகிப்போன 420 இப்போது 318(4). தெருச்சண்டை வழக்கில் மாமூலாக வரும் 294(பி), 323, 506(2) மூன்றும் இப்போது 296(பி), 115(2), 351(3). ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் பழைய பிரிவுதான் போடப்படும்.

எல்லா எஃப்.ஐ.ஆரும் கோர்ட்டில் வழக்காக வளர்வதில்லை. விசாரித்துவிட்டுப் புகாரில் உண்மை இல்லை என்றோ, குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றோ போலீஸ் முடித்துவிடுவதும் உண்டு. அப்போது புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒரு காகிதம் வரும். அதை வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். ஏற்க மாட்டேன் என்று மாஜிஸ்திரேட்டிடம் எதிர்ப்பு மனு போட உங்களுக்கு உரிமை இருக்கிறது. புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ விசாரணையின் போக்கை 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டத்தில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால்

கைது விவரத்தை மறைத்து வைக்க முடியாது என்பது 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளிலிருந்து வருவது. இன்று அவற்றில் பல சட்டமாகவே ஆகிவிட்டன. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரிக்க உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி இருக்க வேண்டும். அந்த விவரம் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட வேண்டும். நிலையத்துக்குப் போகும்போது "கைது விவரப் பொறுப்பு அதிகாரி யார்?" என்றே கேளுங்கள். சட்டம் தெரிந்து கேட்கிறார்கள் என்று புரிந்தால் பதில் சொல்லும் விதம் மாறும்.

கைது செய்யும்போது கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதி மனிதர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை அவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் உறுப்பு. விடுமுறை நாளானால் நீதிபதியின் வீட்டுக்கே கொண்டுபோய் ரிமாண்ட் வாங்குவார்கள். ஆகவே கைதான முதல் நாளில் தேட வேண்டியது இணையத்தில் இல்லை. எந்த நிலையம், எந்த மாஜிஸ்திரேட் என்ற இரண்டையும் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிமாண்ட் ஆகிவிட்டால் சென்னையில் பெரும்பாலும் புழல் சிறை.

"எங்களிடம் இல்லை" என்றே எல்லா நிலையங்களும் கைவிரித்தால், தாமதிக்காமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தைக் கூப்பிடலாம்.

குண்டர் சட்டத்தில் அடைப்பது இந்த வரிசையில் சேராதது. 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டப்படி சென்னையில் காவல் ஆணையரே தடுப்புக் காவல் உத்தரவு போடுகிறார். அந்த உத்தரவுக்குக் கோர்ட் எண் கிடையாது. ஆகவே கோர்ட் இணையதளத்தில் எவ்வளவு தேடினாலும் வராது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடப்படும் ஹெச்.சி.பி. என்னும் ஆட்கொணர்வு மனு மட்டுமே தேடலில் கிடைக்கும்.

கோர்ட்டில் தேடுவது

இ-கோர்ட்ஸ் என்ற இணையதளமும் கைபேசிச் செயலியும் இலவசம். வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டு, அவர் கோர்ட் கிளார்க்கைக் கேட்டு, அடுத்த வாய்தா தேதி தெரிந்துகொண்ட காலம் போய்விட்டது. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, எஃப்.ஐ.ஆர். எண், வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், வக்கீல் பெயர் என்று ஏதாவது ஒன்றால் தேடலாம். இவற்றில் எஃப்.ஐ.ஆர். எண்தான் நம்பகமானது. நிலையம், எண், ஆண்டு மூன்றையும் போட்டால் அந்த எஃப்.ஐ.ஆரிலிருந்து பிறந்த வழக்குகள் வந்துவிடும். நிலுவை, முடிந்தது, இரண்டும் என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். இரண்டும் என்பதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் முடிந்துபோன வழக்கு கண்ணில் படாது.

எந்த மாவட்டம் என்பதில் சென்னைவாசிகள் தடுமாறுவார்கள். எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளும் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் முதன்மை செஷன்ஸ் கோர்ட்டும் சென்னை என்ற தலைப்பில் கிடைக்கும். அம்பத்தூர், பூந்தமல்லி கோர்ட்டுகளை திருவள்ளூரிலும், தாம்பரம் கோர்ட்டை செங்கல்பட்டிலும் தேட வேண்டும். ஆவடியில் நடந்த குற்றத்தைச் சென்னைப் பட்டியலில் தேடிவிட்டு, கேஸே இல்லை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

வழக்குப் பக்கம் திறந்ததும் முதலில் சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 16 எழுத்தும் எண்ணும் கொண்டது. தமிழ்நாட்டு வழக்கானால் டி.என். என்று தொடங்கும், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. அது இந்தியா முழுக்க அந்த ஒரு வழக்குக்கு மட்டுமே உரியது. இணைய வசதி இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் இகோர்ட்ஸ் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இந்த எண்ணைச் சேர்த்து 9766899899க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் வழக்கின் நிலை பதிலாக வரும்.

பக்கத்தில் கீழே இறங்கினால் ஒவ்வொரு வாய்தாவும் தேதிவாரியாக இருக்கும். எந்தத் தேதியில் என்ன காரணத்துக்காக வைத்தார்கள், அடுத்து எப்போது என்று படிக்கலாம். சம்மன், பிடிவாரண்ட், குற்றச்சாட்டு வனைதல், சாட்சி விசாரணை, வாதம், தீர்ப்பு என்று கட்டங்கள் நகரும். சாட்சி விசாரணை என்றே இரண்டு ஆண்டு நகராமல் நின்றால், எங்கே சிக்கியிருக்கிறது என்று உங்கள் வக்கீலிடமோ அரசு வக்கீலிடமோ கேட்க உங்களிடம் இப்போது ஆதாரம் இருக்கிறது.

இங்கே ஒரு சொல்லைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். கொலை, கொலை முயற்சி போன்ற வழக்குகள் முதலில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.ஆர்.சி. எண்ணில் பதிவாகி, பிறகு செஷன்ஸுக்கு அனுப்பப்படும். அனுப்பியதும் மாஜிஸ்திரேட் கோர்ட் பக்கத்தில் "டிஸ்போஸ்டு" என்று விழுந்துவிடும். அதைப் பார்த்து, கேஸ் முடிந்துவிட்டது என்று நிம்மதியாகவோ ஆத்திரமாகவோ எழுந்து போகிறவர்கள் உண்டு. முடிந்த விதம் என்ற வரியை அவசியம் படியுங்கள். "கமிட்டட்" என்றிருந்தால் வழக்கு மேல் கோர்ட்டில் புதிய எஸ்.சி. எண்ணில் உயிரோடு இருக்கிறது. "ஸ்ப்ளிட் அப்" என்றிருந்தால் தலைமறைவானவரை மட்டும் பிரித்து வேறு எண் கொடுத்திருக்கிறார்கள். "அக்விட்டட்" என்றால் விடுதலை, "கன்விக்டட்" என்றால் தண்டனை, "குவாஷ்டு" என்றால் உயர் நீதிமன்றமே வழக்கை ரத்து செய்துவிட்டது.

உயர் நீதிமன்றத்துக்குத் தனி இணையதளம் இருக்கிறது. ஜாமீன், முன்ஜாமீன் உத்தரவுகளும் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளும் அதில் கிடைக்கும். ஒன்றை மறக்காதீர்கள். மாஜிஸ்திரேட் கோர்ட் வழக்கில் அரசுத் தரப்பாக இன்ஸ்பெக்டரின் பெயர் முதலிலும், குற்றம்சாட்டப்பட்டவர் பெயர் எதிர்த்தரப்பிலும் இருக்கும். உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் கேட்பவர் அவர்தான் என்பதால் இடம் மாறி மனுதாரராக நிற்பார்.

கணினியில் கிடைக்காதது நேரில் கிடைக்கும். குற்ற வழக்கு விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது சட்டம். பாலியல் வன்கொடுமை போன்ற சில வழக்குகள் தவிர மற்றவற்றை, வழக்கோடு சம்பந்தமே இல்லாதவரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். காலையில் எழும்பூருக்கோ சைதாப்பேட்டைக்கோ போய், கோர்ட் ஹாலுக்கு வெளியே ஒட்டியிருக்கும் அன்றைய பட்டியலைப் பாருங்கள். டவாலி பெயர் கூப்பிடுவதைக் கேளுங்கள். ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் கோர்ட் வேலைக்கென ஒரு காவலர் இருப்பார். அந்த நிலையத்தின் வழக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அவருக்கு அத்துப்படி. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

தீர்ப்பின் நகல் வேண்டுமென்றால் நகல் மனு போட வேண்டும். தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாக, உடனே கிடைக்க வேண்டும். வழக்கில் இல்லாத மூன்றாம் நபர் கேட்டால், எதற்காக என்று காரணம் எழுதி, நீதிபதியின் அனுமதி பெற வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு வழக்கு ஆவணங்களை வாங்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது முடியாது. வழக்கு ஆவணங்களை நீதிமன்றத்தின் சொந்த விதிகளின்படிதான் பெற வேண்டும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெயரை வைத்துத் தேடினால்

வேறு வழியே இல்லாமல் பெயரால் தேட வேண்டியிருந்தால் பொறுமை வேண்டும். நம் பெயர்கள் கோர்ட் கணினியில் ஆங்கில எழுத்தில் ஏறுகின்றன. செந்தில் என்ற ஒரே பெயரைத் தட்டச்சு செய்பவர் ஒருவர் 'டி' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'டி-ஹெச்' போட்டு எழுதுவார். லட்சுமிக்கு 'எக்ஸ்' உண்டு, 'கே-எஸ்-ஹெச்' உண்டு. தமிழ்ச்செல்வியின் 'ழ்' எப்படியும் போகும். தலைப்பெழுத்து முன்னால் வரலாம், பின்னால் வரலாம், வராமலே போகலாம். பெயரின் நடுவில் சந்தேகம் இல்லாத நான்கைந்து எழுத்தை மட்டும் அடித்து, ஆண்டு ஆண்டாகத் தேடுவதுதான் வழி.

அப்படிக் கிடைக்கும் பட்டியலில் சென்னை முழுவதிலும் உள்ள முருகன்கள் எல்லோரும் இருப்பார்கள். உங்கள் முருகன் யார் என்பதைப் பட்டியல் சொல்லாது. அப்பா பெயர், வயது, முகவரி மூன்றும் எஃப்.ஐ.ஆரோடோ தீர்ப்போடோ ஒத்துப்போனால் ஒழிய, பெயர்ப் பொருத்தத்தை வைத்து ஒரு வீட்டு வாடகையையோ, வேலையையோ, கல்யாணப் பேச்சையோ நிறுத்துவது பெரிய அநியாயம். வேலைக்கோ வாடகைக்கோ எடுக்கும் முன் உறுதி செய்ய வேண்டுமானால், காவல்துறையின் சரிபார்ப்புச் சேவைக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு நேரம் ஆகும். ஆனாலும் சரியான ஆளைப் பற்றிய பதில் வரும்.

வேட்பாளர்கள் விஷயம் மட்டும் நேர்மாறு. தேர்தலில் நிற்பவர் தன்மீது நிலுவையில் உள்ள வழக்குகள், பெற்ற தண்டனைகள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அது எல்லோரும் படிக்கக் கிடைக்கும். 2018, 2020ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் அதை விளம்பரம் செய்ய வேண்டும். வழக்குள்ள ஒருவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும். நம் தெருவில் வாடகைக்கு வருபவரைத் தோண்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியை வாக்குக் கேட்டு வருபவரின் பிரமாணப் பத்திரத்தைப் படிப்பதில் நாம் காட்டலாம்.

திறக்காத கதவுகள்

குற்றப்பத்திரிகை பொது ஆவணம் இல்லை. அதை இணையத்தில் போடச் சொல்லி வந்த வழக்கை 2023 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குற்றம்சாட்டப்பட்டவருக்கும், வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் நகல் கிடைக்கும், நமக்குக் கிடைக்காது. காவல் நிலையத்தில் இருக்கும் ரவுடிப் பட்டியல் என்னும் சரித்திரப் பதிவேடும் அப்படித்தான். அது போலீஸின் உள் ஆவணம், ஊருக்குக் காட்டுவதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்பு ஒன்று தெளிவாகச் சொல்கிறது. 18 வயது நிரம்பாதவர்களின் வழக்கு விவரங்களை வெளியிடச் சட்டமே தடை போடுகிறது. அந்தக் கதவைத் தட்டவே வேண்டாம்.

இனி, ஆரம்பத்தில் பாக்கி வைத்த காரணம். கைது ஒரு போலீஸ் நடவடிக்கை, எஃப்.ஐ.ஆர். ஒருவர் சொன்னதை எழுதிக்கொண்ட காகிதம். அதில் உண்மை எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் வேலையே பிறகுதான் தொடங்குகிறது. கைது செய்தி பெரிய எழுத்தில் வருகிறது. ஆறு வருடம் கழித்து வரும் விடுதலை எங்கேயும் வருவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்த வழக்கு ஒன்று இதைத்தான் பேசியது. விசாரணை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருக்கும் தன் பெயரை இணையத்திலிருந்து மறைக்கச் சொல்லிக் கேட்டார். 2021இல் தனி நீதிபதி, மனுதாரரின் வேதனையைப் புரிந்துகொண்டாலும், அதற்கான சட்டம் இல்லாமல் நீதிமன்றப் பதிவில் கை வைக்க முடியாது என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, மறைக்கத்தான் வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பதிவேடுகள் திறந்திருப்பது போலீஸையும் கோர்ட்டையும் நாம் கண்காணிப்பதற்காக. அந்தத் திறப்பு ஒரு தனிமனிதரை ஆயுசுக்கும் துரத்துவதாக ஆகிவிடக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தெரிந்தவர் ஒருவரின் பெயரில் வழக்கு ஒன்று உங்கள் தேடலில் கிடைத்தால், அந்தத் திரையைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பாதீர்கள். சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு, வழக்கு எப்படி முடிந்தது என்ற வரிக்குப் போய், கடைசி உத்தரவைத் திறந்து முழுக்கப் படியுங்கள். உத்தரவு இன்னும் வரவில்லை என்றால், அவர்மீது நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை.